கடைகால் தோண்டும் முன் வாங்கும் வீட்டுத் திட்டச் சேவை: எந்தப் பகுதி கொடுத்த காசுக்குப் பெறும்?

தன் குடும்பத்துக்கென்றே ஒரு வீட்டைத் திட்டமிட்டுக் கட்ட நினைப்பவரிடம் வடிவமைப்பு அலுவலகங்களும் கட்டுமான நிறுவனங்களும் முதலில் விற்பது ஒரு சேவைத் தொகுப்பு. மனை அளவீடு, மண் பரிசோதனை, பிளான், 3டி படங்கள், ஸ்ட்ரக்சுரல் டிசைன் (தூண், பீம், அஸ்திவாரக் கணக்கு), எஸ்டிமேட், அனுமதி விண்ணப்பம் எல்லாம் ஒரே கட்டணத்தில் வரும். ஒரு செங்கல்கூட வந்து இறங்காத நேரத்தில் கைமாறும் பணம் என்பதால் பலருக்கு இது வீண் செலவாகத் தோன்றும். தொகுப்பைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு பெறும், எங்கே ஓட்டை விழும் என்று பார்ப்பதுதான் இந்த மதிப்புரை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தொகுப்பு வாங்கத் தகுந்தது. ஆனால் பெரும்பாலும் விற்கப்படுகிற வடிவத்தில் அதன் எடை தவறான பக்கம் சாய்ந்திருக்கிறது. கண்ணுக்கு அழகாகத் தெரிகிற எலிவேஷன் (வெளித்தோற்ற) படங்களுக்கு வாரக்கணக்கில் உழைப்பு போகிறது. மண்ணுக்கு ஒரு நாள், அளவுப் பட்டியலுக்கு ஒரு மாலை நேரம். வாங்குபவர் அந்த எடையைத் திருப்பிப் போடச் சொன்னால், அதே கட்டணத்தில் கிடைக்கும் பயன் பல மடங்காகும்.

பிரிட்டனின் கட்டடக்கலைஞர் அமைப்பான ஆர்.ஐ.பி.ஏ. 1963-இல் முதன்முதலாக வெளியிட்ட வேலைத் திட்டம் இன்றும் உலகெங்கும் எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகிறது. அதன் 2020 பதிப்பில் 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். கட்டுமானம் என்பது அதில் 5-ஆம் எண். அதாவது எட்டில் ஐந்து நிலைகள் மண்வெட்டி விழும் முன்பே முடிந்துவிட வேண்டும். நல்ல தொகுப்பு இந்த விகிதத்தை மதிக்கும். பிளான் கொடுத்த மறுவாரமே வேலை தொடங்கலாம் என்று சொல்லும் தொகுப்பு, நடுவில் இருக்கும் நிலைகளைக் களத்தில் கொத்தனார் தலையில் கட்டுகிறது.

தேவைப் பட்டியல்

முதல் சந்திப்பில் "எத்தனை படுக்கையறை வேண்டும்?" என்று கேட்கிற அலுவலகத்தைவிட, "வீட்டில் இருக்கும் பொருள்களின் அளவு என்ன?" என்று கேட்கிற அலுவலகம் மேல். கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேசை, துணி துவைக்கும் இயந்திரம், வண்டி ஆகியவற்றின் நீளம், அகலம், உயரத்தை எழுதி வாங்கிக்கொண்டால்தான் அறையின் அளவு பொருளோடு ஒட்டும். யார் எத்தனை மணிக்கு எழுகிறார், யாருக்குப் படி ஏறுவது சிரமம், பத்து வருடம் கழித்து மாடி எழுப்பும் எண்ணம் உண்டா என்பவையும் இங்கேயே வர வேண்டும். கடைசிக் கேள்விக்கான பதில் தூணின் கம்பியையும் அஸ்திவாரத்தின் அகலத்தையும் மாற்றும். கடைகால் போட்ட பிறகு அந்தப் பதில் வந்தால் பயனில்லை.

சக்கர நாற்காலி ஒரே இடத்தில் நின்று திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். தரைத்தளத்தில் ஒரு குளியலறையும் ஒரு படுக்கையறையும் இந்த அளவுக்கு இடம் கொடுத்தால் போதும். வயோதிகம் வந்த பிறகு சுவரை இடிக்க வேண்டியதில்லை. படத்தில் இதற்கு ஆகும் மாற்றம் ஒரு கோடு நகர்த்துவதுதான்.

மனை அளவீடு

எல்லைக்கல் நான்கையும் அளந்து ஒரு படம் போட்டுக் கொடுப்பதோடு பல தொகுப்புகள் நின்றுவிடுகின்றன. அது பாதி வேலை. மீதிப் பாதி, உயர அளவு. மனையில் குறைந்தது 5 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் லெவல் எடுத்து, 25 செ.மீ. இடைவெளியில் சம உயரக் கோடுகள் வரைந்திருக்க வேண்டும். எல்லா உயரங்களும் அசையாத ஒரு பெஞ்ச்மார்க்கிலிருந்து, அதாவது உயரத்தை ஒப்பிட்டு அளக்கும் ஆதாரப் புள்ளியிலிருந்து, எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பக்கத்துப் பாலத்தின் கைப்பிடிச் சுவர், உறுதியான மதிலின் அடிக்கட்டு போன்றவை சரி. மரத்தில் அடித்த ஆணியோ, வேலை தொடங்கினால் காணாமல் போகும் கல்லோ பெஞ்ச்மார்க் ஆகாது.

உயரம் எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கழிவுநீர்க் குழாயைக் காட்டினால் போதும். 100 மி.மீ. குழாய்க்கு 1-க்கு 40 என்ற சாய்வு வழக்கம். வீட்டின் பின்பக்கக் குளியலறையிலிருந்து தெருக் குழாய்வரை 15 மீட்டர் என்றால், குழாய் 37.5 செ.மீ. இறங்கும். தெருவில் இணைக்கும் இடம் சாலை மட்டத்துக்குக் கீழே 60 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பின்பக்க முனையில் குழாயின் அடிமட்டம் சாலைக்குக் கீழே வெறும் 22.5 செ.மீ. தான். கழிப்பறைக் கோப்பையின் வளைகுழாயும் இணைப்பும் தரைக்கு அடியில் 45 செ.மீ. ஆழம் கேட்டால், வீட்டுத் தரை சாலையைவிடக் குறைந்தது 22.5 செ.மீ. உயர்ந்தே ஆக வேண்டும். வெள்ளம் நிற்கும் உயரத்தை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. ஆக, வீட்டுத் தரையின் மட்டத்தை முடிவு செய்வதில் தெருவில் புதைந்திருக்கும் குழாய்க்குப் பெரிய பங்கு உண்டு. அதன் அடிமட்டத்தை அளக்காமல் வந்த சர்வே படத்தைத் திருப்பி அனுப்புவதில் தவறில்லை.

மனையில் இருக்கும் மரங்களின் இடமும் அடிமரச் சுற்றளவும் படத்தில் குறிக்கப்பட வேண்டும். காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

மண் பரிசோதனை: தொகுப்பின் முதுகெலும்பு

மொத்தத் தொகுப்பிலும் அதிகம் பெறுவதும், அதிகம் ஏமாற்றப்படுவதும் இந்தப் பகுதிதான். பக்கத்து மனையின் அறிக்கையில் தேதியை மாற்றித் தருவது, மனையின் நடுவில் ஒரே ஒரு துளை போட்டு முடிப்பது, குழி வெட்டி மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு ஓர் எண்ணை எழுதுவது என எல்லாமே மண் பரிசோதனை என்ற பெயரில் நடக்கின்றன.

சாதாரண இரண்டு மாடி வீட்டுக்கு இரண்டு அல்லது மூன்று துளைகள் போதும். ஆனால் அவை வீடு நிற்கப்போகும் பரப்பின் எதிரெதிர் மூலைகளில் இருக்க வேண்டும். அதனால் வீட்டை மனையில் எங்கே வைப்பது என்ற கச்சா முடிவு முதலில், துளை அடுத்து. இந்த வரிசையைப் பல அலுவலகங்கள் மாற்றிவிடுகின்றன. மனை வாங்கியதும் மண் எடுத்துவிட்டு, பிளான் வந்த பிறகு பார்த்தால் துளை போட்ட இடம் தோட்டத்தில் இருக்கிறது.

ஆழம் பற்றிய கணக்கை வாங்குபவரே போட்டுப் பார்க்கலாம். 1885-இல் பூசினெஸ்க் என்ற பிரெஞ்சு அறிஞர் வெளியிட்ட சமன்பாடுகளின்படி, சதுர அஸ்திவாரத்தின் அழுத்தம் அதன் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைகிறது. அதுவரை உள்ள மண்தான் வீட்டைத் தாங்குகிறது. அஸ்திவாரம் 1.7 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழத்தில் அமர்கிறது என்றால், 1.5-உடன் 3.4 சேர்த்து, துளை ஏறத்தாழ 5 மீட்டர் போக வேண்டும். 3 மீட்டரில் நிறுத்திய அறிக்கை, சுமை தாங்கும் மண்ணில் பாதியைப் பார்க்கவே இல்லை. இடையில் கெட்டிப் பாறை வந்தால் மட்டும் முன்பே நிறுத்தலாம், அதிலும் அது பாறைத்தட்டா வெறும் உருண்டைக் கல்லா என்று கொஞ்சம் துளைத்துப் பார்த்த பிறகு.

துளைக்குள் செய்யும் முக்கியச் சோதனை, மண்ணின் கெட்டித்தன்மையை அளக்கும் எஸ்.பி.டி. (ஸ்டாண்டர்ட் பெனட்ரேஷன் டெஸ்ட்). 63.5 கிலோ சுத்தியலை 76 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, மாதிரிக் குழாய் 45 செ.மீ. இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுவார்கள். முதல் 15 செ.மீ. கலைந்த மண் என்பதால் விட்டுவிட்டு, அடுத்த 30 செ.மீ.க்கான அடிகளைக் கூட்டினால் கிடைப்பது 'N' மதிப்பு. அறிக்கையில் ஒவ்வொரு ஆழத்துக்கும் மூன்று 15 செ.மீ. கட்டங்களின் எண்களும் தனித்தனியாக இருக்க வேண்டும். கூட்டிய எண் மட்டும் இருந்தால் களக் குறிப்பேட்டைக் கேளுங்கள். சோதனை நடந்திருந்தால் அது கட்டாயம் இருக்கும்.

கடைசிப் பக்கத்தில் வரும் தாங்குதிறன் எண்தான் செலவைத் தீர்மானிக்கிறது. ஒரு தூணில் 400 கிலோநியூட்டன், அதாவது சுமார் 40 டன் சுமை இறங்குகிறது என்று கொள்வோம். அஸ்திவாரத்தின் சொந்த எடைக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 440. மண் ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோநியூட்டன் தாங்கும் என்றால் தேவைப்படும் பரப்பு 2.93 சதுர மீட்டர், அதாவது பக்கத்துக்குச் சுமார் 1.7 மீட்டர். 100 தான் தாங்கும் என்றால் 4.4 சதுர மீட்டர், பக்கத்துக்கு 2.1 மீட்டர். பரப்பே ஒன்றரை மடங்கு. அகலம் கூடினால் கனமும் கூடும் என்பதால் கான்கிரீட்டும் கம்பியும் அதைவிட அதிகமாக ஏறும். ஊகித்து எழுதிய எண் உண்மையைவிடக் குறைவாக இருந்தால் பணம் மண்ணுக்குள் போகிறது. அதிகமாக இருந்தால் சுவர் வெடிக்கிறது. எந்த ஆழத்தில், எந்த அகலத்துக்கு, எத்தனை மி.மீ. அமிழ்வை ஏற்றுக்கொண்டு சொல்லப்பட்ட எண் என்ற மூன்றும் இல்லாத தாங்குதிறனுக்குப் பொருளே இல்லை.

நிலத்தடி நீர்மட்டம் எந்தத் தேதியில் அளக்கப்பட்டது என்பதைப் பாருங்கள். கோடையின் உச்சத்தில் அளந்த மட்டத்தை வைத்து நீர்த்தொட்டிக்குக் குழி வெட்டினால் மழைக்காலத்தில் காலித் தொட்டி மிதந்து எழும். சல்ஃபேட், குளோரைடு அளவுகளும் அறிக்கையில் வேண்டும். சல்ஃபேட் கான்கிரீட்டைத் தின்னும், குளோரைடு கம்பியைத் துருவேற்றும். எந்தச் சிமெண்ட், கம்பிக்கு எவ்வளவு கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) என்பதை இவைதான் முடிவு செய்கின்றன.

களிமண் நிலமென்றால் விரிவுச் சோதனை தவிர்க்கவே கூடாதது. கரிசல் போன்ற களிமண் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும். சுமை குறைந்த வீட்டை அது தூக்கவும் செய்யும், இறக்கவும் செய்யும். இங்கேதான் மரம் வருகிறது. பெரிய மரம் வருடக்கணக்காக உறிஞ்சி உலர்த்திய களிமண், மரத்தை வெட்டிய பிறகு மெல்ல மெல்ல ஈரத்தைத் திரும்ப வாங்கி உப்பத் தொடங்கும். அது அடங்கப் பல வருடங்கள் ஆகலாம். மரம் நின்ற இடத்தின்மேல் அடுத்த மாதமே சாதாரணக் கடைகால் போட்டால் அந்த மூலை மட்டும் எழும்பி, சுவரில் சாய்வான விரிசல் ஓடும். இதை எழுதுகிற மண் அறிக்கை அரிது. எழுதியிருந்தால் அந்த நிறுவனத்தை விட்டுவிடாதீர்கள்.

பைசா கோபுரம் 1173-இல் தொடங்கி, 1178 வாக்கில் மூன்றாம் அடுக்கை எட்டியபோதே சாயத் தொடங்கியது. கட்டியவர்களின் கைத்திறனில் குறை இல்லை, தென்பக்கத்து மண் மெத்தென்று இருந்தது. கொத்தனார் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மண்ணின் குறையை மேலே ஈடுகட்ட முடியாது.

பிளானும் 3டி படங்களும்

பிளானில் 3.0 மீட்டர் என்று எழுதியிருக்கும் அறை பல நேரம் 3.0 மீட்டர் இருப்பதில்லை. அளவு சுவரின் மையத்திலிருந்து மையத்துக்கு எழுதப்பட்டிருந்து, சுவர் 230 மி.மீ. என்றால், உள்ளே 2.77 மீட்டர். இருபுறமும் 15 மி.மீ. பூச்சுப் போனால் 2.74. இதில் 1.8 மீட்டர் அகலக் கட்டிலையும் 60 செ.மீ. ஆழமுள்ள அலமாரியையும் வைத்தால் மிச்சம் 34 செ.மீ. அலமாரிக் கதவைத் திறக்கவும் முடியாது, பக்கவாட்டில் நடக்கவும் முடியாது. 3டி படத்தில் இதே அறை தாராளமாகத் தெரியும். அகலக் கோணத்தில் வைத்த கேமராவும், 1.8-க்குப் பதில் 1.5 மீட்டரில் வரைந்த கட்டிலும் அந்த மாயத்தைச் செய்கின்றன. படத்தை வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேட்கலாம்: கேமரா கண்மட்டத்தில், அதாவது தரையிலிருந்து 1.5 முதல் 1.6 மீட்டரில் உள்ளதா? பொருள்கள் உண்மை அளவா? வெளிச்சம் எந்த மாதத்தின் எந்த மணிக்குரிய சூரியன்?

சூரியன் பற்றிய கேள்வி அலங்காரத்துக்கு அல்ல. காலையிலும் மாலையிலும் வெயில் தாழ்வாக வரும். கிழக்கு, மேற்கு ஜன்னல்களுக்கு மேலே எவ்வளவு நீளமாகச் சன்ஷேடு நீட்டினாலும் அந்தச் சாய்ந்த வெயிலை அது தடுக்காது. செங்குத்துத் தடுப்போ, மரமோ, ஜன்னலைச் சிறிதாக்குவதோதான் வழி. மேற்குச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி வைத்து, நண்பகல் வெளிச்சத்தில் படம் காட்டும் தொகுப்புகளிடம் மாலை 4 மணிப் படம் கேளுங்கள்.

3டி படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, அந்த நேரத்தில் மனையில் சுண்ணாம்புத் தூளால் பிளானை உண்மை அளவில் போட்டுக் காட்டச் சொல்வது நல்ல பேரம். அரை நாள் வேலை. அறைக்குள் நின்று, கட்டில் இருக்கும் இடத்தைச் சுற்றி நடந்து பார்த்தால் வருகிற திருத்தங்கள் எந்தத் திரையிலும் வராது.

மாடிப்படிதான் பிளான் போட்டவரின் தரத்தை உடனே காட்டிக்கொடுக்கும். தளத்துக்குத் தளம் 3.0 மீட்டர் என்றால் 18 எழுச்சிகள் (படியின் உயரம்), ஒவ்வொன்றும் 16.7 செ.மீ. மிதி (கால் வைக்கும் அகலம்) 27 செ.மீ. இரண்டு எழுச்சியும் ஒரு மிதியும் சேர்ந்து 60 முதல் 65 செ.மீ.க்குள் வர வேண்டும் என்பது 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கட்டடக்கலைஞர் பிளோந்தெல் சொன்ன விதியிலிருந்து வந்தது. இங்கே 60.4 வருகிறது, சரி. நடுவில் திரும்பும் படி என்றால் ஒரு பக்கத்துக்கு 8 மிதி, 2.16 மீட்டர். அதோடு 1 மீட்டர் திருப்பு மேடை சேர்த்தால் நீளம் 3.16. இரண்டு வரிசைக்கும் இடைவெளிக்கும் 2.1 மீட்டர் அகலம். இதைவிடச் சிறிய பெட்டிக்குள் படியை வரைந்திருந்தால் ஒன்று எழுச்சி உயர்ந்திருக்கும், அல்லது திருப்பத்தில் முக்கோணப் படிகள் வரும், அல்லது ஏறும்போது தலை பீமில் இடிக்கும். படியின் குறுக்குவெட்டுப் படம் இல்லாமல் பிளானுக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஸ்ட்ரக்சுரல் டிசைன்

கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தவறு நடப்பது இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில். ஆர்க்கிடெக்ட் ஜன்னலை 40 செ.மீ. நகர்த்துகிறார், இன்ஜினியரின் படத்தில் பழைய இடமே இருக்கிறது. கம்பி கட்டிய பிறகு தூண் ஜன்னலுக்குள் நிற்கிறது. கழிவுநீர்க் குழாய் பீமின் நடுவே போக வேண்டியிருக்கிறது, களத்தில் யாரோ பீமை உடைத்து வழி செய்கிறார். இவற்றைத் தடுக்க ஒரே வழி, கட்டடப் படம், தூண்-பீம் படம், குழாய்-மின் படம் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்த ஒருவரின் கையெழுத்து. தொகுப்பில் இதற்கென ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள்.

சுமைகளை முன்கூட்டியே சொல்வது வாங்குபவரின் கடமை. 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன். 2,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி எந்தத் தூண்களுக்கு மேல் உட்காரும் என்பது டிசைன் தொடங்கும் முன் முடிவாக வேண்டும். சோலார் தகடுகள், மாடித் தோட்டத்து ஈரமண், புத்தக அலமாரிச் சுவர் எல்லாம் இதே வகை.

ஒப்படைக்கும் படங்களில் பிளான் 1-க்கு 50 அளவிலும், இணைப்பு விவரங்கள் 1-க்கு 10 அல்லது அதைவிடப் பெரிதாகவும் இருக்க வேண்டும். மையக்கோட்டுப் படம், கதவு ஜன்னல் அட்டவணை, கம்பி வளைப்பு அட்டவணை மூன்றும் தனித் தாள்களாக வர வேண்டும். ஒவ்வொரு தாளிலும் திருத்த எண்ணும் தேதியும் கட்டாயம்.

எஸ்டிமேட்டும் அளவுப் பட்டியலும்

சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு வரியில் சொல்லும் எஸ்டிமேட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எந்தப் பரப்பு? பால்கனி முழுதாகவா, பாதியாகவா? மாடிப்படி இரண்டு தளத்திலும் எண்ணப்படுகிறதா? சுற்றுச்சுவர், நீர்த்தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, தற்காலிக மின் இணைப்பு, கியூரிங் (கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கும்) தண்ணீர் ஆகியவை உள்ளேயா வெளியேயா? இவற்றுக்குப் பதில் எழுத்தில் இல்லாத இரண்டு சதுர அடி ரேட்டுகளை ஒப்பிட முடியாது, குறைவாகத் தெரிவது குறைவாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

தொகுப்பில் வாங்க வேண்டியது பி.ஓ.க்யூ. எனப்படும் அளவுப் பட்டியல். ஒவ்வொரு வேலைக்கும் விவரம், அலகு, அளவு, ரேட் என்று நான்கு பத்திகள். இதை ரேட் பத்தியைக் காலியாக விட்டு மூன்று ஒப்பந்ததாரர்களிடம் கொடுத்தால், மூவரும் ஒரே வீட்டுக்கு விலை சொல்வார்கள். ஒப்பீடு என்பது அப்போதுதான் நடக்கும்.

பட்டியலின் நம்பகத்தைச் சோதிக்கப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு சுவரை எடுத்துக்கொள்ளுங்கள்: 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 20 செ.மீ. கனம். கன அளவு 3.6 கன மீட்டர். அதில் 0.9-க்கு 2.1 மீட்டர் கதவும் 1.2-க்கு 1.2 மீட்டர் ஜன்னலும் இருந்தால் 0.67 கன மீட்டர் கழிய வேண்டும், மிச்சம் 2.93. காரையோடு சேர்த்து 20-க்கு 10-க்கு 10 செ.மீ. ஆகும் செங்கல் ஒரு கன மீட்டருக்கு 500 பிடிக்கும். கழித்தால் சுமார் 1,470 கல், கழிக்காவிட்டால் 1,800. ஒரே சுவரில் 330 கல் வித்தியாசம். பட்டியலில் திறப்புகள் கழிக்கப்படவில்லை என்றால் பூச்சிலும் பெயிண்டிலும்கூட அதே தவறு இருக்கும்.

கம்பிக்கு இன்னும் எளிது. விட்டத்தை மி.மீ.யில் எடுத்து வர்க்கம் செய்து 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பிக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.7 கிலோ. கம்பி வளைப்பு அட்டவணையின் கூட்டுத்தொகையும் பி.ஓ.க்யூ.வின் கம்பி எடையும் சேதாரத்துக்கு விட்ட சில சதவீதத்துக்குள் பொருந்த வேண்டும்.

எப்போதும் விடுபடும் வரி மண் அகற்றல். 1.8-க்கு 1.8 மீட்டர், 1.5 மீட்டர் ஆழத்தில் 12 குழிகள் என்றால் தோண்டுவது 58 கன மீட்டர். தோண்டிய மண் உதிர்ந்து கால் பங்கு பெருத்தால் குவியல் 73 ஆகிவிடும். அதில் எவ்வளவு திரும்ப நிரப்பப்படுகிறது, மீதி எங்கே போகிறது, யார் செலவு என்பது வேலை தொடங்கிய முதல் வாரமே சண்டையாகிறது. நிரப்புவதையும் 15 முதல் 20 செ.மீ. அடுக்குகளாகத் தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும் என்று விவரத்தில் எழுதியிருக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்த தரை, இரண்டு வருடத்தில் ஓடு ஓடாக அமிழும்.

ரேட்டுகள் திரும்பி வந்ததும் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். சிலர் மண் வேலைக்கும் அஸ்திவாரத்துக்கும் ரேட்டை ஏற்றி, கதவு, ஓடு, பெயிண்ட் வேலைகளுக்கு இறக்கிப் போடுவார்கள். மொத்தம் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் வீடு பாதி எழும் முன்பே பணத்தில் பெரும்பகுதி வெளியே போய்விடும். அதன் பிறகு மீதி வேலையை முடிப்பதில் அவருக்கு லாபமே இல்லை. மூன்று விலைப்புள்ளிகளையும் வரி வரியாகப் பக்கத்தில் வைத்து, ஏதாவது ஒரு ரேட் மற்ற இரண்டிலிருந்து வெகுவாக விலகி நிற்கிறதா என்று பார்த்துச் சொல்வதும் சேவையின் பகுதியாக இருக்க வேண்டும். தெரியாத செலவுக்கு என்று பத்து சதவீதமாவது உரிமையாளர் கையில் தனியே இருக்கட்டும். அது ஒப்பந்தத் தொகைக்குள் எழுதப்படக் கூடாது, எழுதினால் செலவாகிவிடும்.

இலவசத் திட்டம், அனுமதி, கட்டணம்

கட்டுமான ஒப்பந்தம் தந்தால் பிளான் இலவசம் என்பது பரவலான சலுகை. சிறிய, நேரான வீட்டுக்கு, நம்பிக்கையான ஒப்பந்ததாரரோடு இது ஒத்துவரலாம். குறை என்னவென்றால், படங்களின் உரிமை அவரிடம் இருக்கும், பி.ஓ.க்யூ. வெளியே வராது, வேறு யாரிடமும் விலை கேட்க முடியாது. இலவசம் என்று எடுத்துக்கொள்பவர் குறைந்தபட்சம் மண் பரிசோதனையையாவது தன் பணத்தில், தன் பெயரில் தனியே செய்துகொள்ள வேண்டும். ஆயத்த பிளான்களை விலைக்கு வாங்குவது இன்னும் மலிவு. ஆனால் அந்தப் பிளானுக்கு உங்கள் மண்ணும் தெரியாது, தெருக் குழாயும் தெரியாது. கச்சா யோசனைக்கு மட்டும் உதவும்.

அனுமதி விண்ணப்பத்தை அலுவலகத்திடமே விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அனுமதிக்குக் கொடுத்த படமும் களத்துக்கு வரும் படமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கட்டணத்தைத் தேதியோடு கட்டாமல் ஒப்படைக்கும் தாள்களோடு கட்டுங்கள். சர்வேயும் மண் அறிக்கையும் வந்ததும் ஒரு பகுதி, கச்சா பிளானுக்கு ஒப்புதல் ஆனதும் ஒரு பகுதி, முழு வேலைப் படங்களும் பி.ஓ.க்யூ.வும் கைக்கு வந்ததும் பெரிய பகுதி, களத்தில் அளவு போட்டுக் கொடுத்த பிறகு மிச்சம். கால அளவு பற்றி அவசரம் வேண்டாம். ஆய்வகச் சோதனைக்கு ஓரிரு வாரம், கச்சா பிளானுக்கு ஒரு மாதம், வேலைப் படங்களுக்கு இரண்டு மாதம் என்பது நிதானமான வேகம்.

அளவு போடுதல்

தொகுப்பின் கடைசி வரி, பெரும்பாலும் மேஸ்திரியிடம் தள்ளிவிடப்படுவது. படத்தைத் தரையில் இறக்கும் இந்த வேலைக்கு ஆர்க்கிடெக்டோ இன்ஜினியரோ நேரில் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குறியடிக்கும் முளைகள் கட்டடக் கோட்டிலிருந்து குறைந்தது 1 மீட்டர் வெளியே நிற்க வேண்டும், இல்லையென்றால் முதல் குழி வெட்டும்போதே பிடுங்கப்படும். 9-க்கு 12 மீட்டர் செவ்வகமென்றால் இரண்டு மூலைவிட்டங்களும் 15 மீட்டர் காட்ட வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் மட்டும் போதாது, 15 ஆகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் அளவு தவறியிருக்கிறது. பிறகு பெஞ்ச்மார்க்கிலிருந்து தரை மட்டத்தை ஒரு முளையில் வண்ணக் கோடாக ஏற்றி, மேஸ்திரியின் கையில் இருக்கும் தாளின் திருத்த எண்ணையும் உங்கள் கோப்பில் இருக்கும் தாளின் எண்ணையும் ஒத்துப் பாருங்கள். எண்கள் பொருந்திய பிறகு கடப்பாரையை எடுக்கச் சொல்லலாம்.